நவம்பர்ல டெமாக்ரட்ஸ் தேறுவாங்களா?

என் கணக்கு இதான். 2026 நவம்பர் 3 அமெரிக்கா இடைக்கால தேர்தல்ல (அதிபர் பதவிக்கு இல்ல, அவரு ஆட்சி நடுவுல அவங்க பார்லிமென்டுக்கு நடக்கறது) கீழ்சபையான ஹவுஸ், ட்ரம்ப்போட ரிபப்ளிகன் கட்சிகிட்டேருந்து எதிர்க்கட்சி டெமாக்ரட்ஸ் கைக்கு வந்துரும், மேல்சபையான செனட் அநேகமா வராது. பழைய வண்ணாரப்பேட்டைல உக்காந்துகினு உனக்கு எதுக்குடா இதெல்லாம்னு வீட்ல கேக்குறாங்க. 2025 ஆகஸ்ட்ல நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்போ காசிமேட்டுப் பக்கம் எறா ஏத்துமதி என்னாவும்னு பேசிக்கினாங்களே, அத கேட்டவன் எவனும் இப்படி கேக்க மாட்டான்.

நம்ம ஊர்ல நடுவுல ஒரு தேர்தல் வந்தா ஆளுங்கட்சிக்குதான் கொண்டாட்டம், மந்திரிங்க தெருத்தெருவா வந்து எறங்கிருவாங்க. ஆர்.கே.நகர்ல 2017 ஏப்ரல்ல பணப்பட்டுவாடா புகார்ல தேர்தலே ரத்தாயி, டிசம்பர்ல தினகரன் குக்கர் சின்னத்துல சுயேச்சையா நின்னு 40 ஆயிரத்து சொச்சம் ஓட்டுல ஆளுங்கட்சிய சாச்சாரு பாருங்க, அது நூத்துல ஒண்ணு. அதுலகூட திமுகவுக்கு டெபாசிட் போச்சு!

அங்க அப்படியே தலைகீழ், அதிபர் கட்சிக்குதான் அடி விழும். 2010ல ஒபாமா கட்சி ஹவுஸ்ல 63 சீட்ட விட்டுச்சு, 2018ல ட்ரம்ப் கட்சி 40 கிட்ட விட்டுச்சு, 1934க்கு அப்புறம் 1998லயும் 2002லயும்தான் அதிபர் கட்சி தப்பிச்சது. 435ல மெஜாரிட்டிக்கு 218 வேணும், 2024ல தோத்தப்பவே டெமாக்ரட்ஸ் 215 எடுத்தாங்க. அதனால பெரிய அலையெல்லாம் தேவையில்ல, காத்தடிச்சாலே போதும்.

இதுல ஒரே பேஜாரு தொகுதி எல்லை. நம்மூர்ல அதுக்கு தனி கமிஷன் இருக்கு, அங்க முக்காவாசி மாநிலத்துல ஆளுற கட்சியே கோடு போட்டுக்குது. 2025ல டெக்சாஸ் அஞ்சு சீட்ட குறிவச்சு மேப்ப மாத்துச்சு, கலிபோர்னியா சும்மா இருக்குமா, பதிலுக்கு மக்கள் ஓட்டுக்கே விட்டு அதுவும் அஞ்சு சீட்டுக்கு மாத்திருச்சு, அப்புறம் மிசூரி, நார்த் கரோலினான்னு ஆளாளுக்கு பென்சில தூக்கிட்டாங்க. ஓட்டர் கட்சிய தேர்ந்தெடுக்கறது போயி கட்சி ஓட்டர தேர்ந்தெடுக்குது, கேவலம்.

டெமாக்ரட்ஸ் மேல ஜனங்களுக்கு பாசம்னு நெனச்சிராதீங்க, அவங்க ஆளுங்களே கடுப்புல இருக்காங்க. மருத்துவ இன்சூரன்ஸ் மானியத்துக்காக 2025 அக்டோபர்ல கவர்மெண்ட் ஷட்டவுன் (செலவுக்கு பணம் பாஸாகாம அரசு ஆபீஸ் வேலை நிக்கறது) வரைக்கும் போயி, 43 நாள் கழிச்சு அவங்க பக்கத்து செனட்டருங்க எட்டு பேரு எறங்கி வந்ததுல மானியமும் கிடைக்கல, மானமும் போச்சு. இருந்தும் ஜெயிப்பாங்கன்னா, விலைவாசி கோவம் ஆளுறவன் தலைலதான் விடியும்.

எதிர்வீட்டு அக்கா பையன் அமெரிக்கால டல்லாஸ் பக்கம் ஹெச்1பி வேலை விசால இருக்கான். "நவம்பர்ல அந்தாள தூக்கிருவாங்களாப்பா?"ன்னு கேட்டாங்க. இல்லக்கா, ட்ரம்ப் 2029 ஜனவரி வரைக்கும் இருப்பாருன்னேன். "அப்ப எதுக்குப்பா எலெக்‌ஷனு?" நியாயமான கேள்விதான். ஹவுஸ் கைக்கு வந்தா விசாரணை கமிட்டி, சம்மன், பட்ஜெட்ல கை வைக்கறதுன்னு குடைச்சல் குடுக்கலாம். ஆனா அந்த ஒரு லட்சம் டாலர் ஹெச்1பி கட்டணம் அதிபர் கையெழுத்துல வந்தது, ஹவுஸ் மட்டும் நெனச்சா போவாது. அக்காவுக்கு மூஞ்சி தொங்கிருச்சு.

செனட்டுக்கு வருவோம். இப்போ ட்ரம்ப் கட்சிக்கு 53, டெமாக்ரட்ஸ் பக்கம் 47, 50க்கு 50ன்னு டை ஆனா துணை அதிபர் வான்ஸ் ஓட்டு அவங்களுக்கு இருக்கு, அதனால டெமாக்ரட்ஸ் நாலு சீட் கூடுதலா புடிக்கணும். இப்ப கையில இருக்கற ஜார்ஜியாவையும் மிச்சிகனையும் விடாம புடிச்சுகினு, நார்த் கரோலினால முன்னாள் கவர்னர் ராய் கூப்பர், ஒஹாயோல 2024ல தோத்த ஷெராட் பிரவுன், மெய்ன்ல பல வருஷமா அசையாத சூசன் காலின்ஸ் சீட்டு, இது மூணும் வந்தாலும் இன்னும் ஒண்ணு குறையுது, அத டெக்சாஸ், அயோவா மாதிரி எடத்துல தேடணும். மெய்ன தவிர இதெல்லாம் 2024ல ட்ரம்ப் ஜெயிச்ச மாநிலம். நார்த் கரோலினா வரும்னு தோணுது, மத்ததுக்கு நான் காசு கட்ட மாட்டேன்.

ரிசல்ட் பாக்கறவங்களுக்கு ஒண்ணு, நம்ம டைம்ல 4ஆம் தேதி விடிகாலைலதான் எண்ணவே ஆரம்பிப்பாங்க, கலிபோர்னியால தபால் ஓட்டு எண்ணி முடிக்க வாரக்கணக்காவும். ஹவுஸ் இழுபறியா இருந்துச்சுன்னா அன்னிக்கு லீவு போட்டு ஒரு புண்ணியமும் இல்ல.