நான்கரைக் கிலோ

2024 ஜூன் 9

காலை எடை 3 கிலோ 960 கிராம், நேற்றைவிடப் பத்து கிராம் குறைவு. ஈரத்துணியோடு நிறுத்தேனா, துணி மாற்றியபின் நிறுத்தேனா என்று நாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதக் குழந்தைக்கு இந்த எடை போதாது என்பது எனக்குத் தெரியும். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதை எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

அவளை மடியில் பாதி உட்கார்ந்த நிலையில் சாய்த்து, பாலாடையின் மூக்கைக் கன்னத்தின் உட்புறமாக வைத்து, சிறிது சிறிதாகச் சரிக்க வேண்டும். விழுங்கும் ஓசை கேட்ட பிறகுதான் அடுத்த துளி. அண்ணம் பிளந்திருப்பதால் அவளால் உறிஞ்ச முடியாது. அவசரப்பட்டால் பால் மூக்கின் வழியே திரும்பி வந்துவிடும். அதற்காக நிதானமாகவும் இருந்துவிட முடியாது. அரைமணி நேரத்துக்குமேல் நீண்டால், குடித்த பாலின் பலன் குடிக்கும் களைப்பிலேயே கரைந்துவிடுமாம். இன்று அறுபது மில்லி உள்ளே போக நாற்பது நிமிடங்கள் ஆயின.

ஜூன் 10

3 கிலோ 985.

ஜூன் 14

மருத்துவமனைக்குப் போய் வந்தோம். பத்து வாரம், பத்து பவுண்டு, பத்து கிராம் ஹீமோகுளோபின் என்பது உதட்டுப் பிளவை மூடுவதற்கு முன் பார்க்கும் பழைய கணக்கு. வாரங்கள் அவளுக்கு எப்போதோ கடந்துவிட்டன. பத்து பவுண்டு என்பது நான்கரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஹீமோகுளோபின் 8.9தான் இருக்கிறது, இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். இப்போது தைப்பது உதட்டை மட்டும்தான். அண்ணத்தை அவள் பேசத் தொடங்குவதற்கு முன், ஒரு வயதை ஒட்டி மூடுவார்களாம். காதையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும், இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் தங்கும் என்றார்கள்.

படிவத்தை நிரப்பிய இளம் மருத்துவர், "உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?" என்று கேட்டார். தத்துக் குழந்தை என்றேன். "சரிம்மா, அவங்க வீட்டில்?" என்றார். தெரியாது என்றேன். அந்தக் கட்டத்தில் அவர் ஒரு கோடு இழுத்தார். பெரியவனின் கோப்பிலும் அதே இடத்தில் அதே கோடு இருக்கிறது.

ஜூன் 17

4 கிலோ 120. பெரியவன் நாட்காட்டியில் எழுதினான். இடது உள்ளங்கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வோர் எண்ணையும் கட்டத்துக்குள் அடக்கி எழுதுகிறான். அந்த இடது கையில் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து சிறு மொட்டுகள் மட்டுமே உள்ளன. மூன்று வயதில் அவன் வந்தபோது, எதையாவது பிடிக்க முடியாமல் திணறுவானோ என்று பயந்து வீட்டில் எல்லாவற்றையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அதற்காக அவன் என்னிடம் கோபித்துக்கொண்டது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

ஜூன் 21

எதிர்வீட்டு அம்மாள் குழந்தையைப் பார்க்க வந்தார். "கிரகண மூளி" என்று மெதுவாகத்தான் சொன்னார். பெற்றவள் கிரகணத்தில் வெளியே போயிருப்பாளாம், போன ஐப்பசியில் சந்திர கிரகணம் வந்ததே என்று மாதத்தையும் கணக்கிட்டுச் சொன்னார். அவர் நல்லவர், பெரியவன் வந்த நாளிலிருந்து அவனுக்கென்று தனியாக முறுக்கு எடுத்துவைப்பவர். இருந்தும் எனக்கு நெஞ்சு கொதித்தது.

கருவில் உதடு கூடுவது ஆறாவது, ஏழாவது வாரங்களில். ஜனவரியில் பிறந்தவளுக்கு அது போன ஆண்டு மே மாதமாகத்தான் இருக்கும். கிரகணம் 2023 அக்டோபர் 28 இரவு, நம் ஊரில் விடியற்காலை ஒரு மணிக்கு மேல் பிடித்தது. அந்த நேரத்தில் எந்தக் கர்ப்பிணி தெருவில் நின்றுகொண்டிருப்பாள்? கூடாமற்போன வாரத்தில், தான் கருவுற்றிருப்பதையே அவள் அறிந்திருந்தாளோ என்னவோ.

இதில் ஒன்றையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். என்னைக் குறை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். முகம் தெரியாத ஒருத்திக்காக வழக்காட எனக்கு என்ன உரிமை என்ற தயக்கம் வந்துவிட்டது. இரவு முழுவதும் அந்தத் தயக்கத்தை நினைத்தே தூக்கம் வரவில்லை.

ஜூன் 22

"நானும் கிரகணமா அம்மா?" என்று பெரியவன் கேட்டான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறான். இல்லை என்றேன். "அப்புறம் என்ன?" என்றான். கை உருவாகும்போது விரல்கள் முழுதாக வளராமல் நின்றுவிட்டன, ஏன் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். பாப்பாவுக்குத் தைக்கிற டாக்டர் தனக்கும் தைப்பாரா என்று அடுத்துக் கேட்பான் என எதிர்பார்த்து, பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவன் கேட்டது, பாலாடையைத் தான் பிடிக்கலாமா என்பதுதான்.

பிடித்தான். மொட்டுகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் பாலாடையின் விளிம்பைச் செருகிக்கொண்டு, என்னைவிட ஆடாமல் பிடித்தான். இருபது மில்லி போயிற்று.

ஜூன் 30

ஒப்புதல் படிவத்தில் யார் கையெழுத்திடுவது என்பதில் சிக்கல். தத்து ஆணை இன்னும் வரவில்லை. அதுவரை அவள் சட்டப்படி எங்களிடம் வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவள். தத்து மையத்தின் கடிதம் வேண்டுமென்று மருத்துவமனை அலுவலகத்தில் சொன்னார்கள். மையத்தில் கேட்டால், மருத்துவமனை எழுத்து மூலம் கேட்கட்டும் என்றார்கள். பெரியவனுக்கு 2021இல் நீதிமன்றத்தில் ஆணை வாங்கினோம். 2022 செப்டம்பர் முதல் அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. ஆணை விரைவாகக் கிடைக்கட்டும் என்பதற்காகத்தான் மாற்றினார்களாம்.

"உறவு" என்ற கட்டத்தில் தாய் என்றே எழுதினேன். அலுவலகப் பெண் அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. பென்சிலால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்.

ஜூலை 8

4 கிலோ 480. கடிதம் வந்துவிட்டது.

ஜூலை 12

4 கிலோ 560! ஹீமோகுளோபின் 10.2. பெரியவன் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டான். அவர் அலுவலகத்திலிருந்து வரும்போது அல்வா வாங்கி வந்தார். சாப்பிட வேண்டியவளுக்கு இன்னும் பாலாடைதான்.

ஜூலை 18

சேர்த்தோம், சளி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நெஞ்சில் சளி இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளக்கூடும் என்று பொறுமையாக விளக்கினார்கள். அவர்கள் செய்தது சரிதான். பேருந்து நிலையத்தில் நின்று அழுதேன்.

ஜூலை 19

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 27

இருமல் நின்றுவிட்டது. கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கும்போது பிளவு அகன்று மூக்குவரை விரிகிறது. அத்தை வந்ததிலிருந்து படமெடுக்கும் போதெல்லாம் அவள் வாயைத் துண்டால் மறைக்கிறார். இன்று அந்தத் துண்டை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 1

மீண்டும் சேர்த்திருக்கிறோம். எடை 4 கிலோ 890. நாளைக் காலை எட்டு மணிக்கு. இரவு இரண்டு மணிக்குமேல் மாவுப்பால் கூடாது. ஆறு மணிவரை தண்ணீர் மட்டும் கொடுக்கலாம்.

மயக்க மருந்து கொடுப்பவர் மாலையில் வந்தார். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தபோது உடல் கொதித்ததுண்டா, தசைகள் இறுகியதுண்டா, யாரேனும் இறந்ததுண்டா என்று கேட்டார். அரிதாகச் சில குடும்பங்களில் அப்படி ஒரு கோளாறு வழிவழியாக வருமாம். தெரியாது என்றேன். அதையும் மனத்தில் வைத்துத்தான் கவனிப்போம் என்று சொல்லி அவர் கோடு இழுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பெண்ணிடம் ஏன் விட்டாய் என்று கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இன்றிரவு மட்டும் அவள் எதிரே வந்தால் இதை ஒன்றைக் கேட்பேன்: உன் அப்பாவுக்கோ, உடன்பிறந்தவர்களுக்கோ, உனக்கோ எப்போதாவது அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா, நடந்தபின் நன்றாக எழுந்து உட்கார்ந்தீர்களா? அதற்கு விடை தெரிந்த ஒருத்தி எங்கோ ஓர் ஊரில் இந்நேரம் தூங்கிக்கொண்டிருக்கிறாள், அல்லது என்னைப்போல் விழித்திருக்கிறாள்.

மணி ஒன்று ஐம்பது. கடைசிப் பாலைக் கரைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2

பசியில் ஐந்து மணியிலிருந்து அழுதாள். ஏழே முக்காலுக்குச் செவிலியர் வாங்கிக்கொண்டு போனார். பெரியவன் வீட்டிலிருந்து தொலைபேசியில் இன்றைய எடையைக் கேட்டான். இன்று நிறுக்கவில்லை என்றேன். நேற்றைய எடையையே எழுதட்டுமா, கட்டத்தைக் காலியாக விடட்டுமா என்று கேட்கிறான்.