பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

சென்ற ஆவணியில் ஒரு நாள், அடுப்புகூடப் பற்றவைக்காத சமையலறையில் நின்றிருந்தபோது, நெஞ்சிலிருந்து ஒரு சூடு குப்பென்று கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறியது. இரண்டு மூன்று நிமிடங்களில் அது அடங்கியபோது ரவிக்கையின் முதுகுப்பக்கம் நனைந்திருந்தது. சற்று நேரத்தில் மின்விசிறியை அணைக்கும் அளவுக்குக் குளிரெடுத்தது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு வரும் இந்த அனலை மருத்துவர்கள் ஹாட் ஃபிளாஷ் என்கிறார்கள். என் அம்மா "உடம்பு காந்துது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வார். அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு இருந்தது என்பது எனக்கு ஐம்பத்தொன்றாம் வயதில்தான் தெரிந்தது.

அண்ணி உடனே ஒரு டப்பா ஆளிவிதைப் பொடி அனுப்பிவைத்தார். "தினம் ரெண்டு ஸ்பூன் மோர்ல கலந்து குடி. ஒரே மாசத்துல நின்னுடும், எனக்கு அப்படித்தான் நின்னுது." எனக்குக் கணக்கு எழுதுவதுதான் தொழில், எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாளுக்கு ஒரு கட்டம் போட்டு, வெறும் சூடு என்றால் 1, வியர்த்தால் 2, கைவேலையை விட்டு உட்கார நேர்ந்தால் 3 என்று குறித்துக்கொண்டே வந்தேன். முதல் வாரத்தின் கூட்டுத்தொகை 96. ஆறாம் வாரத்தில் அது 47. அண்ணிக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னேன். அதற்கு மறுவாரம்தான் இதைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நன்றியைத் திரும்பப் பெற முடியாது என்பதால் அதைப் பற்றி இன்றுவரை அண்ணியிடம் பேசவில்லை.

அமெரிக்காவில் ஆளிவிதையை வைத்தே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 188 பெண்களை இரண்டு அணிகளாகப் பிரித்து, ஓர் அணிக்கு ஆளிவிதை சேர்த்த தின்பண்டக் கட்டியையும் மற்ற அணிக்கு ஆளிவிதை இல்லாத அதே மாதிரிக் கட்டியையும் ஆறு வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது போயிற்று என்பது உண்டவர்களுக்குத் தெரியாது. முடிவில் இரண்டு அணிகளிலுமே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான பெண்களுக்கு அனலின் மதிப்பெண் பாதியாகக் குறைந்திருந்தது. என் நோட்டில் நடந்ததுதான் அங்கும் நடந்திருக்கிறது, ஆளிவிதை தின்னாதவர்களுக்கும் சேர்த்து.

நான் சொந்தமாக வகுத்ததாக நினைத்திருந்த 1, 2, 3 என்ற முறையும் ஏற்கனவே இருப்பதுதான். வியர்வை இல்லாத சூடு லேசானது, வியர்த்தாலும் வேலையைத் தொடர முடிவது நடுத்தரம், வேலையை நிறுத்தவைப்பது கடுமை என்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ.யும் வகுத்திருக்கிறது. புதிய மருந்தைச் சோதிப்பவர்கள் நாளொன்றுக்கு ஏழெட்டுக்குக் குறையாமல், அதாவது வாரத்துக்கு ஐம்பது அறுபது முறை, நடுத்தர அல்லது கடுமையான அனல் வருகிற பெண்களைச் சேர்த்து, எண்ணிக்கையும் கடுமையும் நான்காம் வாரத்திலும் பன்னிரண்டாம் வாரத்திலும் எவ்வளவு குறைந்தன என்று காட்ட வேண்டும். ரத்தக் கொதிப்புக்கு அளவுகருவி இருக்கிறது; இதற்கோ, நெஞ்செலும்பின் மேல் தோலில் மின்முனைகளை ஒட்டி வியர்வையின் மின்கடத்தலை அளக்கும் கருவி இருந்தாலும், பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் பெண்களின் தினக்குறிப்பையே நம்புகின்றன.

மருந்தே இல்லாத பிளாசிபோ மாத்திரை இந்த ஆய்வுகளை இவ்வளவு குழப்புவதற்கு முதற்காரணம் அந்தச் சேர்க்கை விதியிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அனல் ஏறி இறங்கும் இயல்புடையது. ஒரு பெண் மருத்துவரைத் தேடிப் போவது அது உச்சத்தில் இருக்கும் வாரத்தில்தான். உச்சத்தில் இருப்பவர்களை மட்டும் பொறுக்கியெடுத்தால் அடுத்த மாதம் அவர்களில் பலருக்கு அது தானாகவே கொஞ்சம் இறங்கியிருக்கும். இதோடு நம்பிக்கையும், யாரோ ஒருவர் வாராவாரம் கேட்டறிகிறார் என்ற ஆறுதலும் சேர்கின்றன. ஹார்மோன் மாத்திரைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட மதிப்பாய்வில், ஹார்மோன் எடுத்தவர்களுக்குப் பிளாசிபோவைவிட 75 சதவீதம் குறைவாக அனல் வந்தது என்ற தகவலுக்குப் பக்கத்திலேயே, பிளாசிபோ எடுத்தவர்களுக்கும் தொடக்கத்தைவிட 57.7 சதவீதம் குறைந்தது என்ற தகவலும் இருக்கிறது. எதிர் அணி இல்லாத எந்தக் கைவைத்தியமும் இந்த ஐம்பத்தேழில் குளிர்காய்ந்துகொள்ளலாம். அமெரிக்க மூலிகையான பிளாக் கோஹோஷ் 351 பெண்களிடம் சோதிக்கப்பட்டுத் தோற்றது. யோகா, உடற்பயிற்சி, ஒமேகா-3 மூன்றையும் 355 பெண்களிடம் சோதித்த ஆய்விலும் அனலின் எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. யோகாவால் தூக்கம் ஓரளவு சீரானது என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் வேலை செய்வது எது என்று கேட்டால், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன்தான் இன்றுவரை முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னாலே பெண்கள் பதறுவதற்குக் காரணமான, அமெரிக்காவில் நடந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வைப் பொறுமையாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது எரிச்சல்தான். 16,608 பெண்களைச் சேர்த்த அந்த ஆய்வில், ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்த பகுதி 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பத்தாயிரம் பெண்களில் ஆண்டுக்கு 30 பேருக்கு வந்திருக்கக்கூடிய மார்பகப் புற்றுநோய், மருந்து எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. இவை பொய்யான எண்கள் அல்ல. ஆனால் அந்த ஆய்வு அனலைத் தணிப்பதற்காக நடத்தப்பட்டதே இல்லை; முதுமையில் இதய நோய் முதலியவற்றைத் தடுக்க ஹார்மோன் உதவுமா என்பதே அதன் கேள்வி, பங்கேற்றவர்களின் வயது 50 முதல் 79 வரை, சராசரி 63. அறுபத்துமூன்று வயதுக்காரரிடம் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையை, அனலில் தூக்கமிழந்து நிற்கும் ஐம்பது வயதுக்காரருக்கு அப்படியே பொருத்திவிட்டார்கள். பின்னர் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்குபவர்களுக்கு இதயம் சார்ந்த ஆபத்து குறைவு என்பது தெரியவந்தது. 2025 நவம்பரில் எஃப்.டி.ஏ. அந்த மருந்துகளின் விவரச்சீட்டில் கட்டம் கட்டி அச்சிடப்படும் கடுமையான எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தபோது இருபத்துமூன்று ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பொதுவாகத் தரப்படுவதில்லை. அந்தப் புற்றுநோய்க்கு அவர்கள் எடுக்கும் டாமாக்சிஃபென் போன்ற மருந்துகளோ அனலை இன்னும் கிளப்பிவிடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த புற்றுநோய் மருத்துவர் சார்லஸ் லோப்ரின்ஸி 2000இல் வெளியிட்ட ஆய்வு இவர்களை மனத்தில் வைத்து நடந்தது. மனச்சோர்வுக்குத் தரும் வென்லாஃபாக்ஸின் நாளுக்கு 75 மி.கி. கொடுத்ததில் நான்கே வாரத்தில் அனல் மதிப்பெண் 61 சதவீதம் குறைந்தது. பிளாசிபோவில் 27 சதவீதம். இதே வழியில் வந்த 7.5 மி.கி. பராக்ஸெடினுக்கு 2013இல் அனுமதி கிடைத்த கதை விசித்திரமானது. எஃப்.டி.ஏ.யின் ஆலோசனைக் குழுவில் 10 பேர் எதிர்த்தும் 4 பேர் மட்டுமே ஆதரித்தும் வாக்களித்திருந்தும், ஹார்மோன் அல்லாத முதல் மருந்தாக அது அனுமதிக்கப்பட்டது. பலன் இருக்கிறது, ஆனால் சிறியது என்பதே குழுவின் தயக்கம். பராக்ஸெடின் டாமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கக்கூடும் என்பதால் அதை எல்லோருக்கும் கொடுக்கவும் முடியாது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மூளையில் நடக்கிறது. நரம்புநோயியலாளரான நவோமி ரான்ஸ், இறந்த பெண்களின் மூளைத் திசுக்களை உருப்பெருக்கியில் ஒப்பிட்டபோது, மாதவிடாய் நின்றவர்களின் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியில் ஒரு வகை நரம்பணுக்கள் மட்டும் பருத்திருப்பதை 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டார். அவை நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருளைச் சுரப்பவை. ஈஸ்ட்ரோஜன்தான் அவற்றை அடக்கிவைத்திருக்கிறது. அது வற்றியதும் இவை ஓயாமல் சமிக்ஞை அனுப்பி, உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியைக் கிளப்பிவிடுகின்றன. உடல் கொதிப்பதாக மூளை தவறாக முடிவுசெய்து, தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டி, இல்லாத வெப்பத்தை வெளியேற்றப் பார்க்கிறது. அதன் பிறகு வரும் குளிருக்கும் அதுவே காரணம். லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு நியூரோகைனின் பி செலுத்திப் பார்த்தபோது அவர்களுக்கும் அனல் வந்தது.

வழி தெரிந்தபின் அதை அடைக்கும் மருந்துகள் வேகமாக வந்தன. அதே கல்லூரியினர் 37 பெண்களிடம் சோதித்து 2017இல் வெளியிட்ட முதல் மருந்து அனலை நன்றாகவே தணித்தது, ஆனால் சிலருக்கு ஈரல் நொதிகள் உயர்ந்ததால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த ஃபெஸோலினெடன்ட் 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 45 மி.கி. எடுத்தவர்களுக்குப் பன்னிரண்டாம் வாரத்தில், பிளாசிபோவில் குறைந்ததற்கும் மேலாக, நாளொன்றுக்கு இரண்டரை அனல் குறைந்தது. இரண்டரைதானா என்று கேட்பவர்கள் இரவில் இரண்டு முறை நைட்டி மாற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இதற்கும் 2024 டிசம்பரில் ஈரல் பாதிப்பு பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. தொடங்குமுன்னும், முதல் மூன்று மாதங்கள் மாதாமாதமும், பிறகு ஆறாம், ஒன்பதாம் மாதங்களிலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். சில ஆயிரம் பேரிடம் தென்படாத ஆபத்து மருந்து கடைக்கு வந்தபின் தென்படுவது புதிதல்ல. எலின்ஸானெடன்ட் என்ற அடுத்த மருந்தை, மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் தடுப்பு மருந்து எடுக்கும் 474 பெண்களிடம் தனியாகச் சோதித்து, பலன் உண்டு என்று 2025இல் காட்டியிருக்கிறார்கள். லோப்ரின்ஸி கவலைப்பட்ட அதே பெண்களுக்காக.

அமெரிக்காவில் நீண்டகாலம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வின்படி, அடிக்கடி அனல் வரும் பெண்களில் பாதிப்பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கிறது. பன்னிரண்டு வார ஆய்வை வைத்து ஏழாண்டுக்கு மருந்து எழுதுவதில் உள்ள இடைவெளியைத்தான் என் மருத்துவரிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன், நோட்டையும் எடுத்துப்போகிறேன்.

அண்ணி இரண்டாவது டப்பாவும் அனுப்பியிருக்கிறார். அதை வறுத்து எள்ளோடு சேர்த்து இட்லிப் பொடியாக அரைத்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வாரக் கூட்டுத்தொகை 58.