கஞ்சி போட்ட ஏப்ரல்

1 ஏப்ரல் 2024, திங்கள்

மண்டியின் தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்கத் தேங்காய்க் கணக்கு எழுதிவிட்டு வந்து, உள்பாவாடை நாடா பதிந்த இடத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி அரைஞாண் கட்டியதுபோல் வேர்க்குரு.

பாலியஸ்டர் உள்பாவாடை, அதற்கு மேல் கருநீலப் பூனம் சேலை, லைனிங் வைத்து முழங்கைவரை இறக்கிய ஜாக்கெட். பொள்ளாச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டுக் கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்கு வந்த 22 வருடமாக இதுதான் என் உடுப்பு. அலசி உதறிப் போட்டால் அரை மணியில் காய்கிறது. இஸ்திரி வேண்டாம், அழுக்கும் தெரியாது. உடம்பு வெந்தாலும் கைக்கு வேலை மிச்சம். எனக்குச் சௌகரியம் என்றால் இதுவரை அவ்வளவுதான்.

11 மணி முதல் 3 மணிவரை வெயிலில் நிற்காதீர்கள், வெளிர் நிறத்தில் தளர்வான பருத்தி உடை அணியுங்கள் என்று பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. யாருக்கோ சொல்வதாக நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். இன்று புரட்டவில்லை.

3 ஏப்ரல், புதன்

முதல் மாற்றம் வெளியே தெரியாதது. பருத்தி உள்பாவாடை. சேலை அதே பூனம்தான். ஆனாலும் மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் இந்த ஒரு துணியை மாற்றத் தோன்றவில்லையே!

5 ஏப்ரல், வெள்ளி

பெட்டியின் அடியில் கிடந்த சந்தன நிறக் கைத்தறிச் சேலையை எடுத்து, சோறு வடித்த கஞ்சியில் முக்கிக் காயப்போட்டேன். எங்கள் வீட்டில் பொங்குவது பாலக்காட்டு மட்டை அரிசி. அதன் கஞ்சி சிவப்பு என்று சாப்பிடத் தெரிந்த எனக்குத் துணியில் ஊற்றும்போது தெரியவில்லை. சேலை திட்டுத்திட்டாக வெளிறிய ரோஜா நிறத்தில் காய்ந்தது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "புது டிசைனா?" என்றார்.

இரண்டு முறை அலசி, ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி மறுபடி போட்டேன். நீர்க்கக் காய்ச்ச வேண்டும். கெட்டியாகிவிட்டால் சேலை அட்டைபோல நிற்கும், காற்றும் புகாது, கட்டியவளும் உட்கார முடியாது.

7 ஏப்ரல், ஞாயிறு

லக்கிடியில் ரயில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் திருவில்வாமலைக்குப் பக்கத்தில் உள்ள குத்தாம்புள்ளிக்குப் போனேன். கொச்சி அரசர்கள் காலத்தில் மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தேவாங்கர்களின் நெசவு ஊர். வீட்டுக்குள் கன்னடம் கலந்த பேச்சு, கடையில் மலையாளம், நான் வாயைத் திறந்ததும் தமிழ். விஷு நெருங்குவதால் தெருவெல்லாம் கூட்டம்.

என் கை முதலில் கறுப்புக் கரை போட்ட சாம்பல் சேலைக்குத்தான் போனது. கடைக்காரம்மா அதை நகர்த்திவிட்டு ஒரு செட்டு முண்டை விரித்தார். பழுப்பேறிய வெள்ளை, விரலகலத்தில் சிவப்புக் கரை, ஜரிகை கிடையாது. இரண்டு துண்டு. முண்டை இடுப்பில் சுற்றி, மேல்துண்டான நேரியதைச் செருகி இடது தோளில் போட வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலையின் கொசுவ மடிப்பு அத்தனையும் வயிற்றின்மேல் வந்து உட்காரும் கனம் இதில் இல்லை. வெயிலுக்கு அதுவே பாதி வெற்றி.

950 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். ரயிலில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். திருவோணத்துக்கு ஊரோடு சேர்ந்து கட்டுவது வேறு. சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் கட்ட எனக்கு நெஞ்சு உண்டா? எங்கள் பக்கத்தில் வெள்ளை கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

12 ஏப்ரல், வெள்ளி

தையற்காரரிடம் லைனிங் வேண்டாம், கையைப் பாதியாகக் குறையுங்கள் என்றேன். "உள்ளே தெரியுமே, சேச்சி" என்றார். கெட்டி நூல் துணியாக வாங்கிக் கொடுத்தேன்.

இந்த வெயிலுக்கு மாவட்ட நீதிமன்றங்களில் வக்கீல்கள் மே 31 வரை கறுப்புக் கோட்டும் கவுனும் போட வேண்டாம் என்று உயர் நீதிமன்றமே தளர்த்திவிட்டதாம். என் ஜாக்கெட் கைக்கு நான் யாரிடம் மனுப் போடுவது?

14 ஏப்ரல், ஞாயிறு

சித்திரை ஒன்று, விஷு. கொன்றைப்பூ, வெள்ளரிக்காய், கண்ணாடி, கோடித்துணி எல்லாம் வைத்துக் கனி பார்த்தோம். செட்டு முண்டு கட்டினேன். தெருவே கட்டியிருந்தது. இதில் வீரம் ஒன்றும் இல்லை.

16 ஏப்ரல், செவ்வாய்

அந்தச் செவ்வாய்க்கிழமை.

சுமை இறக்குகிறவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டு போனேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் ஊர் உடைதானே! பதில்கள் வீண்.

கிழக்கே கணவாய் வழியாக வந்த வறட்டுக் காற்று மண்டிக்குள் புகுந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். அந்தக் காற்றைத் திட்டாத கோடையில்லை. ஆனால் வேர்வையை உறிஞ்சிய பருத்தியில் அதே காற்று பட்டபோது முதுகு குளிர்ந்தது. பூனத்துக்குள் வேர்வை போக வழியில்லாமல் கொதித்துக்கொண்டிருந்த காற்று இதுதானா?

மத்தியானம் தமிழ்நாட்டு லாரி ஒன்று வந்தது. டிரைவர் பல வருடப் பழக்கம். வழக்கமாகச் சத்தமாக வணக்கம் சொல்கிறவர், இன்று தலையைக் குனிந்து சீட்டை நீட்டிவிட்டு மேஸ்திரியைத் தனியாக அழைத்துப் போனார். "அம்மாவின் வீட்டுக்காரர் எப்போது தவறினார்? எனக்குச் சொல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார். தவறிய மனிதர் அப்போதுதான் எனக்குச் சோற்றுத் தூக்கோடு சைக்கிளில் வந்து இறங்கினார்.

மண்டியே சிரித்தது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை, கையைக் கூப்பிவிட்டார். ராத்திரி சொல்லிச் சொல்லி நாங்களும் சிரித்தோம். ஆனால் விளக்கை அணைத்த பிறகு, "அதைத் தினமும் கட்டுவாயா?" என்று அவர் கேட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

21 ஏப்ரல், ஞாயிறு

கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு, அம்மாவைப் பார்க்க. பச்சைச் சேலையை எடுத்து வைத்துவிட்டு, பஸ் ஏறும் நேரத்தில் செட்டு முண்டுக்கு மாறினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அப்பா போன பிறகு 26 வருடமாக அம்மா வெள்ளை. திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கீரை மடியிலிருந்து சரிந்தது. முதலில் என் கழுத்தைப் பார்த்தாள், பிறகு காலில் மெட்டியை. அப்புறம்தான் முகத்தை.

"இது என்ன கோலம், கண்ணு?"

"கேரளத்துக் கட்டு, அம்மா. வெயிலுக்கு."

"வெயிலுக்கு ஊரில் வேறு நிறமே இல்லையா?"

நான் நூலையும் காற்றையும் பற்றிப் பேசினேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தவள், என் முந்தானையின் சிவப்புக் கரையை விரலால் நிரடிப் பார்த்தாள். பக்கத்தில் அவளுடைய சேலை. கரையே இல்லாதது, தறியிலிருந்து அப்படியே அறுத்ததுபோல் மொட்டையாக. "மெல்லிசாகத்தான் இருக்கிறது" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

26 ஏப்ரல், வெள்ளி

ஓட்டுப் போடும் நாள். வரிசையில் ஒன்றரை மணி நேரம், பள்ளிக்கூட வராந்தாவில். பருத்திக்கு இதைவிட நல்ல தேர்வு கிடையாது. விரல் மை முண்டில் படாமல் கையைத் தூக்கியபடியே வீடு வந்தேன்.

28 ஏப்ரல், ஞாயிறு

பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டிவிட்டது. வெப்ப அலை எச்சரிக்கை.

அம்மா போன் செய்தாள். கீரை விலை, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் வந்தாள். "அதைக் கட்டிக்கொண்டு வருவதானால் வா. ஆனால் பொட்டைப் பெரிதாக வை. தெருமுனையிலேயே தெரிய வேண்டும்."

சரி என்றேன். குங்குமம் வைத்தால் இந்த வேர்வையில் வழிந்து வெள்ளையில் சொட்டும், எத்தனை அலசினாலும் போகாது. சாயங்காலம் கடைக்குப் போய் ஸ்டிக்கர் பொட்டில் இருப்பதிலேயே பெரியதாக இரண்டு அட்டை வாங்கி வந்தேன்.