கோதுமை பீரும் பெங்களூரின் தண்ணீரும்

இந்திராநகரில் 2010-இல் தொடங்கிய டாய்ட் போன்ற மதுக்கூடங்கள் அங்கேயே காய்ச்சித் தரும் கோதுமை பீரில், வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்தாற்போல எழும் மணம் ஈஸ்ட்டின் வேலைதான் என்பதை அறிந்த நாளிலிருந்து, பாட்டில் பீரின் மேல் எனக்கு நாட்டம் போய்விட்டது. ஆனால் ஒரு லிட்டர் பீருக்குப் பல லிட்டர் தண்ணீர் செலவாகும். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, எங்கள் தெருவே நீல டிரம்களோடு டேங்கர் லாரிக்குக் காத்திருந்தபோது, முறையிடுவதற்கு ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்படும் வரை, தேர்தலே நடத்தப்படவில்லை. பீர் காய்ச்சுவோரைக் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கு எவ்வளவு தண்ணீர், குடியிருப்புகளுக்கு எவ்வளவு என்பதை, நாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் மன்றத்தில் வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்க வேண்டும்.