ரெண்டாம் நம்பர் சத்தம்

8 செப்டம்பர் 2025, திங்கள்

இன்னையிலிருந்து மதியம் 2லிருந்து 3 வரைக்கும் எவன் கூப்பிட்டாலும் போறதில்ல. அந்த ஒரு மணி நேரம் மில்லுல உடையாத மெஷினைப் பாக்கறதுக்கு மட்டும். காலைலயே மேனேஜர்கிட்ட, ஷிப்ட் சூப்பர்வைசர்கிட்ட எல்லாம் சொல்லியாச்சு, செய்ங்க செய்ங்கன்னாங்க. 2.10க்கு ஏழாம் நம்பர் நூல் நூக்கற ஃப்ரேம்ல கியர் போச்சுன்னு ஆள் வந்து நிக்கறான். கிரீஸ் கன்னை அங்கயே போட்டுட்டு ஓடினேன்.

போற வழியில மெஷினுக்கு காத்து அடிச்சுத் தர்ற கம்ப்ரசர் ரூம். ரெண்டாம் நம்பர்ல ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு.

9 செப்டம்பர்

இன்னைக்கும் போச்சு.

11 செப்டம்பர், வியாழன்

நீட்ட ஸ்க்ரூ டிரைவரை மோட்டார் பேரிங் ஹவுசிங்ல ஊனி பிடியை காதுல வெச்சு கேட்டேன். ஒண்ணாம் நம்பர் சும்மா ஙொய்யுன்னு ஒரே சீரா ஓடுது. ரெண்டாம் நம்பர்ல அடியில மணலை அரைக்கற மாதிரி ஒண்ணு. பெரிய ஃபிட்டர் அண்ணனையும் கூப்பிட்டு கேக்கச் சொன்னேன். "வயசானா முனகத்தானுங்க செய்யும், ரெண்டு குத்து கிரீஸ் அடிச்சு விடலாம்"னார். வேண்டாம்னுட்டேன். போன தடவை எவ்வளவு அடிச்சோம்னே எழுதி வெக்கல, ரொம்ப போனாலும் சூடாகித்தான் சாகும்.

அதிர்வு அளக்கற வைப்ரேஷன் பேனா வெச்சுப் பாத்தா செகண்டுக்கு 2.6 மில்லிமீட்டர். அந்த 110 கிலோவாட் சைஸுக்கு 2.8 வரைக்கும் ஓட்டலாம், 4.5 தாண்டினா ஓட்டவே கூடாது. அப்ப இது நல்லா இருக்கா, கெட்டு இருக்கா? போன மாசம் எவ்வளவு இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான சொல்ல முடியும்.

12 செப்டம்பர்

போன மாசத்து ஷீட்டை எடுத்துப் பாத்தேன். 1.8னு எழுதி கையெழுத்து போட்டிருக்கு. என் கையெழுத்துதான்.

அன்னைக்கு நான் கம்ப்ரசர் ரூமுக்கே போகல. ஆடிட் வருதுன்னு ஆபீஸ்ல உக்காந்து மூணு மாச ஷீட்டையும் ஒரே பேனாவுல நிரப்பினது நல்லா ஞாபகம் இருக்கு. ஒரே மாதிரி இருக்கக்கூடாதுன்னு ஒரு எடத்துல 1.7, ஒரு எடத்துல 1.9னு போட்டேன். இதை யார்கிட்ட சொல்றது. இங்க எழுதி வெக்கறேன்.

15 செப்டம்பர், திங்கள்

பேரிங் வாங்கச் சொல்லி இன்டென்ட் போட்டேன், 6319, ரெண்டு.

சாயங்காலம் மீட்டிங்ல பெரிய ஃபிட்டர் அண்ணனுக்கு கைதட்டல். சனிக்கிழமை ராத்திரி பூரா முழிச்சு நூலை கோன்ல சுத்தற ஆட்டோகோனரை ஓட வெச்சார்ல, அதுக்கு. அவர் உழைப்பை நான் குறை சொல்லல, கண்ணெல்லாம் செவந்து போய் நின்னார் பாவம். ஆனா பஞ்சைப் பிரிச்சு சுத்தம் பண்ற பிளோ ரூம்ல ஒரு பையன் தினமும் மேக்னட்டைத் துடைச்சு அதுல ஒட்டின ஆணி, கம்பித்துண்டை எல்லாம் ஒரு டப்பாவுல போட்டு வெக்கறான், அந்த டப்பா முக்கால்வாசி ரொம்பியிருக்கு, அதுல ஒரு ஆணி பஞ்சை அடிக்கற பீட்டர்ல பட்டு பொறி பறந்தா பஞ்சு என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும், அவன் பேரை மீட்டிங்ல எவனும் சொன்னதில்ல. என்னன்னு சொல்லுவான், நேத்து தீப்பிடிக்கலைன்னா?

17 செப்டம்பர்

புரட்டாசி 1. வீட்ல இனி ஒரு மாசம் கவிச்சி கிடையாது. ரெண்டாம் நம்பர் 3.1.

18 செப்டம்பர், வியாழன்

பர்ச்சேஸ்ல இருந்து இன்டென்ட் திரும்பி வந்துருச்சு. "பிரேக்டவுனா?"ன்னு பென்சில்ல எழுதி ஒரு கேள்விக்குறி. நேர்ல போய் இல்லைங்க, ஆகறதுக்கு முன்னாடி மாத்தணும்னேன். "ஓடிட்டுத்தானுங்க இருக்குது?"ன்னார். ஆமாங்க ஓடுது. அப்புறம் என்ன பேசறது.

19 செப்டம்பர், வெள்ளி

நல்ல நாள்!! ரொம்ப நாளைக்கப்புறம்.

ஆகஸ்ட் 27லிருந்து அமெரிக்காக்காரன் 50% வரி போட்டதுல திருப்பூர்ல ஆர்டர் எல்லாம் தொங்குது, நூல் எடுக்கறவங்களும் கையைச் சுருக்கிட்டாங்க, இன்னைக்கு ரெண்டு ஃப்ரேமை நிறுத்தச் சொல்லிட்டாங்க. மேனேஜர் மொகத்தைப் பாக்க முடியல. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம், வெளிய காட்டிக்க முடியாது. நாலு பசங்களைக் கூட்டிட்டு மதியம் பூரா பதினோராம் நம்பர்ல உக்காந்தோம். மோட்டார் ஃபேன் கவரைக் கழட்டினா தலகாணி அளவு பஞ்சு. கதிரைச் சுத்த வெக்கற டேப் ரெண்டு எடத்துல நார் நாரா தொங்குது. பேனல்ல ஒரு டெர்மினல் லூசாகி கருகி நிக்குது, கை வெச்சா ஆடுது. இது எதுவும் ஓட்டத்துல தெரியாது.

மெஷினை எல்லாரும் சேந்து பராமரிக்கற டிபிஎம் முறைக்கு நடந்த ட்ரெய்னிங்ல அந்த சார் சொன்னது ஞாபகம் வந்துச்சு. நகாஜிமான்னு ஜப்பான்காரர் கொண்டு வந்தது, 1971லயே நிப்பான்டென்சோல பண்ணிக் காட்டிட்டாங்க, கூட்டறதும் துடைக்கறதும் தனி வேலை இல்ல, அதுதான் செக்கிங்கேன்னார். அப்ப பின்னாடி பெஞ்சுல உக்காந்து சிரிச்சோம். இன்னைக்கு துடைக்கற துணிதான் அந்த டெர்மினலைக் கண்டுபிடிச்சுது.

20 செப்டம்பர்

டேப் ஸ்டாக் இல்ல. ஆர்டர் கம்மியா இருக்கறதால இந்த மாசம் ஸ்பேர் வாங்கறதை நிறுத்தி வெச்சிருக்காங்களாம். மெஷின் ஓடறப்ப நேரம் இல்ல, நின்னா காசு இல்ல.

23 செப்டம்பர்

3.6.

24 செப்டம்பர், புதன்

ராத்திரி 1.15. தூக்கம் வரல. போன் அடிக்கற மாதிரியே இருக்கு, எடுத்துப் பாத்தா ஒண்ணும் இல்ல. வீட்ல அவ எந்திரிச்சு, மில்லுக்குப் போய் அது பக்கத்துலயே பாய் போட்டு படுத்துக்கங்கன்னா.

யோசிச்சுப் பாத்தா தப்பு பேரிங்ல ஆரம்பிக்கல. மூணாம் நம்பர் கம்ப்ரசர் ஸ்டாண்ட்பைல நின்னுட்டு இருந்துச்சு. மே மாசம் ஒண்ணாம் நம்பர் ஆயில் கூலர் ஓட்டை ஆனப்ப மூணுல இருந்து கழட்டி மாட்டினோம், ஒரு வாரத்துல புதுசு வாங்கித் தந்தர்றோம்னாங்க. அன்னைக்கு அரைமணி நேரத்துல கம்ப்ரசரை ஓட வெச்சோம்னு எனக்கும் கைதட்டல் கிடைச்சுது. அப்ப இருந்து மூணாம் நம்பர் வெறும் கூடு. இப்ப ரெண்டை நிறுத்தினா காத்து பத்தாது, ஆட்டோகோனர் பாதி நிக்கும், அறுந்த நூலை காத்தால ஒட்டற ஸ்ப்ளைஸ் பிடிக்காது. அதனால நிறுத்தவும் முடியாது, நிறுத்தாம மாத்தவும் முடியாது. ஒரே வழி மொத்த மில்லும் நிக்கணும்.

மொத்த மில்லும் நிக்கற நாள் ஒண்ணு வருதே.

25 செப்டம்பர்

கோயமுத்தூர்ல தெரிஞ்ச கடைக்காரர்கிட்ட கடன் சொல்லி பேரிங் ரெண்டும் வாங்கிட்டு வந்துட்டேன். அட்டைப்பெட்டியோட என் மேசைக்கு அடியில. பில் பாஸாகலைன்னா என் சம்பளம்தான்.

27 செப்டம்பர், சனி

3.9. மேனேஜர்கிட்ட போன மாசம் 1.8, இப்ப 3.9னு சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கூசுச்சு. அந்த 1.8தான் என்னுது. ஆனா அந்தப் பொய் நம்பரைப் பாத்துத்தான் ஆள் பயந்து சரின்னார். ஆயுத பூஜையன்னைக்கு காலை 8 டு 6, கழட்டி மாட்டிக்கங்கன்னார். ராத்திரி ஷிப்டுக்கு ஓடியாகணும்.

29 செப்டம்பர்

4.2. கையை வெச்சா மூணு செகண்டுக்கு மேல வெக்க முடியல.

30 செப்டம்பர், செவ்வாய்

இன்னைக்கு பூரா கழுவறது, துடைக்கறது, பெயிண்டு. வருசத்துல ஒரு நாள் எல்லா மெஷினையும் மூலைமுடுக்கெல்லாம் துடைக்கறோம், எவனும் நேரம் இல்லைன்னு சொல்றதில்ல. பசங்க மூணாம் நம்பர் கூட்டுக்கும் சேத்து பச்சை பெயிண்டு அடிச்சு வெச்சிருக்கானுங்க, பாக்க புதுசாட்ட இருக்கு.

சாயங்காலம் பெரிய ஃபிட்டர் அண்ணன் வந்து மெதுவா கேட்டார். "தம்பி, நாளைக்கு ஆயுதமெல்லாம் சாமிகிட்ட வெச்சுருவோமே, அப்புறம் மறுநாள் வரைக்கும் தொடக்கூடாதே, எப்படிங்க கழட்டுவீங்க?"

எனக்கு இது தோணவே இல்ல.

1 அக்டோபர், புதன்

11.40. ஐயர் இன்னும் வரல. பத்து மணிக்கு வர்றேன்னவர் அஞ்சு மில்லு முடிச்சுட்டு வர்றாராம். மெஷின் எல்லாம் நிக்குது, ஷெட்டுல இப்படி ஒரு அமைதி, பேசறதே எதிரொலிக்குது. ஸ்பேனர் செட்டு, டயல் கேஜு, கிரீஸ் கன்னு எல்லாம் வாழை இலை மேல சந்தனம் குங்குமத்தோட. என் பேரிங் பெட்டிக்கும் யாரோ பொட்டு வெச்சுட்டாங்க.

புல்லர் போட்டு பழைய பேரிங்கை இழுத்துக் கழட்ட ரெண்டு மணி நேரம், எண்ணெய்ல சூடு பண்ணி ஏத்த ஒரு மணி, அலைன்மென்டு ரெண்டு, ட்ரையல் ஒண்ணு.

அண்ணன் என் பக்கத்துல வந்து நின்னு பொரி தின்னுட்டே, யாரையும் பாக்காம சொன்னார், "பெரிய புல்லரும் 24-27 ஸ்பேனரும் என் டிவிஎஸ் டிக்கில இருக்குது. அதுக்கு இன்னும் பொட்டு வெக்கல."