மாடியில் ஓடிய மழை வீடியோக்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மழையைத் துரத்துகிற கூட்டாளிகள் நாலு பேரும் நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் கூடினோம். ஆளுக்கொரு பென்டிரைவ், நேந்திரங்காய் சிப்ஸ், சுக்குக் காப்பி.

முதலில் முப்பந்தல். ஜூன் மாதத் தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு பாயும். காற்றாலைகளுக்குப் பின்னால் மலைமேல் வழிகிற மேகம், கிழக்கே இறங்கியதும் கரைந்து காணாமல் போகும். இறங்குகிற காற்று சூடாகிவிடுவதால் அப்படி. மூன்று முறை போட்டுப் பார்த்தோம்.

அப்புறம் முட்டம். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துப் பாறையில் நின்று நான் எடுத்தது. கடலின் மேல் கறுத்த அலமாரித் தட்டு போல ஒரு மேகம். மழையோடு இறங்கும் குளிர்காற்று வெப்பக்காற்றைத் தூக்கித் தள்ளினால்தான் அந்த வடிவம் வரும். லென்ஸில் முதல் துளி விழுகிறது, "எலேய், வண்டில ஏறு!" என்று ஒரு குரல், படம் ஆடுகிறது. அந்தக் குரலுக்காகவே எனக்கு அது பிடிக்கும்.

கடைசியில் ஒக்கி, 2017 நவம்பர் 30. அன்று நாங்கள் யாரும் துரத்திப் போகவில்லை. ஜன்னல் வழியே செல்போனில் எடுத்த நாற்பது விநாடி மட்டும்தான். ரப்பர் மரங்கள் ஒவ்வொன்றாய் முறிகிற சத்தம். கடற்புறத்து நண்பனின் மாமா அந்தப் புயலில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. நிறுத்தவா என்று கேட்டேன்.

"வேண்டாம் மக்கா, சத்தம் குறைக்காத" என்றான். போகும்போது அந்த நாற்பது விநாடியைத் தன் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டான்.