இரண்டாம் தடவையில் கணக்கீடு: முகாமிலிருந்து திரும்பியவர்களுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்து நாலு நாள். வணிகக் கல்வி ஏ, கணக்கீடு பி, பொருளியல் சி. போன தடவை கணக்கீட்டில் எஃப். அந்த எஃப்புக்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில் பிறந்தவன். பதினோராம் வகுப்பை அங்கே வணிகவியலில் முடித்துவிட்டு அம்மாவோடு இலங்கையில் முள்ளியவளைக்கு வந்தேன். இங்கே சாதாரண தரம் எழுதி, அப்புறம்தான் உயர்தரம். அங்கே பேரேட்டின் (கணக்குப் புத்தகத்தின்) இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. இங்கே இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. வரவு என்ற சொல் ஒன்று, பக்கம் வேறு. வகுப்பில் சரியாகத்தான் செய்தேன். பரீட்சையில் நேரம் நெருக்க, கணக்கிலுள்ள பிழைகளைத் திருத்தும் வழுத்திருத்தக் கேள்வியில் கை பழைய பக்கத்துக்கே போய்விட்டது. இரண்டு பதிவும் சேர்ந்து புரண்டதால் பரீட்சை மீதி, அதாவது இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் சமமா என்று பார்க்கும் பட்டியல், பொருந்தியது. பொருந்தியதும் சரி என்று அடுத்த கேள்விக்குப் போனேன். பரீட்சை மீதியை நம்பாதீர்கள்.

எங்கள் ரீச்சர் 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்து படிப்பித்தவர். 2012இல் அந்த முகாம் மூடப்பட்ட பிறகு, ஊரில் சனசமூக நிலையத்தில் பின்னேர வகுப்புத் தொடங்கினார். இந்தியாவிலிருந்து திரும்பும் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிவருவார். காசு வாங்குவதில்லை. நான் எஃப் எடுத்த வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு எங்கள் ஆறு பேரையும் கச்சான் (வேர்க்கடலை) கடை போடச் சொன்னார்.

ஆளுக்கு 1,500, மொத்தம் 9,000 ரூபாய் முதலாகப் போட்டோம். காசு போட ஒரு பால்மாப் பேணி. அதன் மூடியில் சோக்கால் நடுக்கோடு கீறி, "தம்பி, பேணிக்குள்ள காசு விழுந்தா என்ன?" என்றார்.

"வரவு, ரீச்சர்."

"எடுத்தா?"

"செலவு."

விடியும்வரை கச்சான் வறுத்துச் சுருளில் போட்டுக் கொடுத்தபடியே, ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார். காலையில் பேணியில் 12,350. 3,350 இலாபம் என்று துள்ளினோம். மூட்டைக்காரருக்கு 1,400 பாக்கி, விறகுக் காசு அம்மா கொடுத்தது, நாங்கள் தின்ற கச்சான் எடுப்பனவு (சொந்தத் தேவைக்கு எடுத்தது) என்று ஒரு கொப்பியில் ஒவ்வொன்றாக எழுத வைத்தார். அட்டுறு செலவு, அதாவது இன்னும் கொடுக்காத செலவு, என்றால் என்ன என்பது அந்தக் காலையில்தான் எனக்கு விளங்கியது. அந்தக் கொப்பிதான் வணிகக் கல்வியில் ஏ வாங்கித் தந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

தனியே அறைக்குள் இருந்து படித்தால் எனக்கு ஏறாது. உங்களுக்கும் அப்படியென்றால் நாலு பேரைச் சேர்த்து எதையாவது விற்றுப் பாருங்கள். இடியப்பமானாலும் சரி.

மற்றவை:

– முதல் வாரமே சொற்பட்டியல் எழுதுங்கள். இருப்பாய்வு இங்கே பரீட்சை மீதி. தேய்மானம் இங்கே பெறுமானத்தேய்வு. அனாமத்துக் கணக்கு இங்கே தொங்கற் கணக்கு.

– 10 நிமிட வாசிப்பு நேரத்தில் வழுத்திருத்தம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எழுதத் தொடங்கியதும் வினாத்தாளின் மூலையில் "இடது வரவு" என்று குறியுங்கள். நான் ஒவ்வொரு பக்கத்திலும் குறித்தேன்.

– பொருளியலுக்குக் கடந்தகால வினாத்தாள் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை.

– இந்தியாவில் பிறந்தவர்கள் குடியுரிமைப் பதிவை வந்தவுடனே தொடங்குங்கள். அது இல்லாமல் அடையாள அட்டை வராது. எனக்கு ஓர் அலுவலகத்தில் மூன்று முறை வேறு வேறு பத்திரம் கேட்டார்கள். வகுப்பை விட்டு அலைந்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

எங்கள் சொற்பட்டியல் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. இந்த வருடம் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி அதில் ஏற்கெனவே ஏழு சொல் கூட்டிவிட்டாள்.